மூன்றாம் ஆண்டிலும் தொடரக்கூடியது எது? சிறையில் இருப்பவரோடு உறவைக் காக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

என் அண்ணன், நிலத் தகராறில் நேர்ந்த ஒரு மரணத்துக்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்று, தண்டனைக் குறைப்பு நாட்கள் போக ஏழரை ஆண்டுகளை மத்தியச் சிறை ஒன்றில் கழித்துவிட்டு 2021ஆம் ஆண்டில் வீடு திரும்பினார். அவர் உள்ளே போன முதல் மாதத்தில் எங்கள் வீட்டில் எடுத்த முடிவுகள் எல்லாமே பெரியவை. வாரந்தோறும் யாராவது ஒருவர் மனு பார்க்க, அதாவது சிறையில் அவரை நேரில் சந்திக்க, போவது, மாதந்தோறும் அவருடைய சிறைக் கணக்கில் பணம் கட்டுவது, அவர் மகனுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. ஓராண்டு முடிவதற்குள் முதல் இரண்டும் நின்றுபோயின, மூன்றாவதும் நெடுநாள் நிலைக்கவில்லை. நின்றதைவிட, நின்றதற்காக ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டதுதான் எங்களை அதிகம் வதைத்தது. அதன் பிறகு மனு எழுதவும் விடுப்புக்கு விண்ணப்பிக்கவும் வேறு பல குடும்பங்களுக்கு உதவி வருகிறேன். பெரும்பாலான வீடுகளில் இதே கதையைத்தான் கண்டேன்.

ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியைக் கொண்டுதான் எடைபோடுகிறேன்: இந்த ஏற்பாட்டை மூன்றாம் ஆண்டிலும் நம்மால் தொடர முடியுமா? விசாரணைக் கைதியாக இருப்பவரின் குடும்பத்துக்கு எத்தனை ஆண்டு என்பதே தெரியாது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். 2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த ஏறத்தாழ 5,73,000 பேரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். முடிவு தெரியாத காத்திருப்பு என்பதாலேயே அவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மனு பார்ப்பதை அதிகாரிகள் இரங்கித் தரும் சலுகையாக நினைத்துக் கூனிக் குறுகி நிற்கும் தாய்மார்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். 1981ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில், தடுப்புக் காவலில் இருந்த ஒரு பெண் மாதம் ஒருமுறை மட்டுமே உறவினரைச் சந்திக்கலாம் என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குடும்பத்தாரைச் சந்திப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதைச் சிறை விதிகள் ஒழுங்குபடுத்தலாம். சந்திப்பே கூடாது என்று யாரும் மனம்போனபடி சொல்லிவிட முடியாது.

நேரில் மனுவா, தொலைபேசியா, கடிதமா?

நேரில் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைக் கணக்கிட்டுவிட்டுச் சொல்வேன். எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறி நான்கு மணி நேரப் பயணம். விடிவதற்கு முன் கிளம்பினால்தான் வரிசையில் முன்னால் நிற்க முடியும். ஆதார் நகல், பெயர் பதிவு, பைச் சோதனை, காத்திருப்பு எல்லாம் முடிந்து கிடைப்பது சில நிமிடங்கள்தான். அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், இருவர் போனால் இரண்டு கூலி போகும். அண்ணன் போன புதிதில் இரண்டு கம்பி வலைகளுக்கு அப்பாலிருந்து கத்திப் பேச வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்தும் அந்த இரைச்சலில், உதட்டசைவை வைத்தே புரிந்துகொள்ளக்கூடிய கேள்வி ஒன்றுதான் என்பதால், அம்மா இரண்டு ஆண்டுகளாக “சாப்பிட்டியா?” என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. இப்போது பல மத்தியச் சிறைகளில் கண்ணாடித் தடுப்பும் இன்டர்காமும் வந்துவிட்டன. பேசுவது கேட்கிறது, தொட மட்டும் முடியாது.

விசாரணைக் கைதிகளின் குடும்பங்களுக்கு மட்டும் வாய்க்கும் ஒரு வழி, வாய்தா நாளில் நீதிமன்றத்துக்குப் போய் நிற்பது. கைதியை அழைத்து வரும் வழிக்காவலர் மனது வைத்தால் வராந்தாவில் இரண்டு வார்த்தை பேசலாம், குழந்தையின் முகத்தைக் காட்டலாம். ஆனால் காவல் நீட்டிப்பு பெரும்பாலும் காணொளி வழியாகவே நடப்பதால் அந்த வாய்ப்பும் சுருங்கிவிட்டது. ஆளைக் கொண்டுவருவார்களா என்று வழக்கறிஞரிடம் முதல் நாளே உறுதிப்படுத்திக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது.

தொலைபேசியைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பவர்தான் அழைக்க முடியும். அதுவும் முன்பே பதிவுசெய்து சரிபார்க்கப்பட்ட எண்களுக்கு மட்டும்தான். இந்த ஒரு விவரம் தெரியாமல், சலுகைக் கட்டணத்துக்காக சிம் கார்டை மாற்றிவிட்டு, “அவன் எங்களை மறந்துவிட்டான்” என்று அழுதுகொண்டிருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். தண்டனைக் காலம் முழுக்க ஓர் எண்ணை மாற்றாமல் வைத்திருப்பது பல சமயங்களில் நான்கு முறை மனு பார்ப்பதைவிடப் பயனுள்ளது. 2020ஆம் ஆண்டில் கொரோனா காரணமாக மனு பார்ப்பது நிறுத்தப்பட்டபோது, தமிழகச் சிறைகளில் திறன்பேசி மூலம் காணொளி அழைப்புகளை அனுமதித்தார்கள். தேசிய அளவிலான சிறைத் தகவல் தளத்தில் இ-முலாகாத் என்ற பெயரில் நேர்காணலுக்குப் பதிவுசெய்யும் வசதியும் இருக்கிறது. அண்ணன் முதன்முதலில் காணொளியில் வந்த நாள் நினைவிருக்கிறது. அம்மா அழத் தொடங்கிவிட்டார், அண்ணனோ அம்மாவின் தோளுக்குப் பின்னால் எதையோ தேடிவிட்டு, “கொல்லையிலிருந்த முருங்கை எங்கே?” என்று கேட்டார். அது கஜா புயலில் சாய்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த மனுவிலும் அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. வீடு தன் கண்ணுக்குத் தெரியாமல் மாறிக்கொண்டிருக்கிறது என்பதை அவர் அன்றுதான் உணர்ந்தார் என்று நினைக்கிறேன். நேர்ச் சந்திப்பில் அவருடைய உலகத்துக்கு நாம் போகிறோம். காணொளியில் மட்டும்தான் அவர் நம் வீட்டுக்கு வருகிறார்.

கடிதத்தை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் நான் பரிந்துரைக்கும் வரிசையில் அதற்குத்தான் முதலிடம். சிறையில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்பதால் வழக்கைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது. மற்றபடி எதையும் எழுதலாம். தொலைபேசியில் சொன்னது அன்றே தேய்ந்துவிடும், கடிதத்தை மறுபடியும் படிக்கலாம். அண்ணன் வரும்போது கொண்டுவந்த துணிப்பையில் இரண்டு சட்டையும், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய நூற்றுக்கு மேற்பட்ட இன்லாண்டு கடிதங்களும் இருந்தன. மடிப்புகள் கிழிந்து, சில கடிதங்களில் சிறை முத்திரை எழுத்துகளின் மேலேயே விழுந்திருந்தது. மாதம் இரண்டு கடிதம் எழுதுவதற்கு எந்தக் கூலியும் போகாது; எழுதத் தெரியாத அம்மாக்கள் சொல்லச் சொல்லப் பேரன் எழுதலாம்.

முடிவாக, சராசரி வருமானமுள்ள குடும்பத்துக்கு என் பரிந்துரை இது: மாதம் இரண்டு கடிதம், வரும் தொலைபேசியைத் தவறவிடாத ஏற்பாடு, இரண்டு மாதத்துக்கு ஒரு நேர் மனு. வாரந்தோறும் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போவதைவிட, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சொன்ன தேதியில் வந்து நிற்பது உள்ளே இருப்பவருக்கு அதிகத் தெம்பைத் தரும். மனு நாளில் பக்கத்து ஆளுக்குப் பெயர் கூப்பிட்டுத் தனக்குக் கூப்பிடாமல் போகும் அந்த மதியம் எப்படி இருக்கும் என்பதை அண்ணன் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதன் பிறகு நாங்கள் தேதி தவறியதில்லை.

சிறையை மாற்றுவதா, குடும்பம் இடம் மாறுவதா?

வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைக்க இயன்றவரை முயல வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் கூறுகின்றன. தமிழகத்தில் மத்தியச் சிறைகள் புழலிலிருந்து பாளையங்கோட்டை வரை பரவியிருப்பதால், ஆண்களுக்கு ஓரளவு அருகில் ஒன்று அமைந்துவிடுகிறது. பெண்களுக்கான தனிச் சிறைகளோ புழல், வேலூர், திருச்சி, மதுரை, கோவை என ஐந்தே. கடைக்கோடி மாவட்டத்துப் பெண் ஒருத்தி தண்டனை பெற்றால், கணவரோ பிள்ளைகளோ அவளைப் பார்க்க ஒரு நாள் முழுவதும் ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஆண் சிறைவாசிகளைப் பார்க்க வரும் மனைவிகளின் கூட்டத்தில் பாதிகூட, பெண் சிறைவாசிகளைப் பார்க்க வரும் கணவர்களிடம் நான் கண்டதில்லை. தூரம் அதற்கு வசதியான சாக்காகவும் ஆகிவிடுகிறது.

சிறைக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறலாம் என்று சில இளம் மனைவிகள் நினைப்பதுண்டு. வேண்டாம் என்றுதான் சொல்வேன். பழகிய வேலையும், பிள்ளையின் பள்ளியும், கடன் கேட்கக்கூடிய அண்டைவீடும் ஒரே நேரத்தில் போய்விடும்; பிறகு அவரையே வேறு சிறைக்கு மாற்றிவிட்டால் எல்லாம் வீண். மாற்றல் கேட்டுச் சிறைத் துறைக்கு மனுச் செய்வதுதான் முறை. அதற்கு முன் உள்ளே இருப்பவரைக் கேட்க வேண்டும். இருக்கும் இடத்தில் அவர் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்பில் சேர்ந்திருக்கலாம், தறியிலோ அடுமனையிலோ வேலை கற்றுக்கொண்டிருக்கலாம், நம்பிக்கையான இரண்டு நண்பர்கள் கிடைத்திருக்கலாம்.

பிள்ளைகளுக்குச் சொல்வதா, மறைப்பதா?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சொல்லிவிட வேண்டும். அப்பா துபாயில் இருக்கிறார் என்ற பொய்க்கு ஆயுள் குறைவு. பள்ளியில் யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும், அல்லது பழைய செய்தி ஒன்று செல்பேசியில் கண்ணில் படும். எங்கள் வீட்டில் பாதிப் பொய் சொன்னோம். அப்பா ஜெயிலில் வேலை பார்க்கிறார் என்று அண்ணன் மகனிடம் சொல்லி, ஆறு வயதில் ஒருமுறை மனுவுக்கும் அழைத்துப் போனோம். அவன் வார்டரையும் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற தன் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உனக்கு மட்டும் ஏன்ப்பா காக்கிச் சட்டை தரல?” என்று கேட்டான். அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று மாலை பேருந்தில் அண்ணிதான் உண்மையைச் சொன்னார். நான்கு வாக்கியங்களுக்கு மேல் இல்லை: அப்பா கோபத்தில் ஒரு தப்பு செய்தார், ஒருவர் இறந்துவிட்டார், அதற்குத் தண்டனை, முடிந்ததும் வீட்டுக்கு வருவார். பையன் அழுதான், பிறகு எத்தனை வருஷம் என்று கேட்டான், பிறகு தூங்கிவிட்டான். அவனுடைய முதல் கடிதம் அந்த மாதம்தான் போனது.

எல்லா மனுவுக்கும் பிள்ளையை அழைத்துப் போக வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, பள்ளி விடுமுறையில், அவர்களே வர விரும்பும்போது போதும். குற்றத்துக்கு இலக்கானது அந்தப் பிள்ளையாகவோ பிள்ளையின் தாயாகவோ இருந்தால் இந்தக் கட்டுரையின் எந்தப் பரிந்துரையும் பொருந்தாது. அங்கே தொடர்பே வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது.

தாயே சிறைக்குப் போகும்போது கேள்வி இன்னும் கடுமையாகிறது. ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஆறு வயது வரை குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம்; காப்பகத்தில் வளரும் குழந்தை வாரம் ஒருமுறையாவது தாயைச் சந்திக்க வழிசெய்ய வேண்டும். பால்குடிக் குழந்தையென்றால் தாயுடன் இருப்பதே நல்லது. மூன்று வயதைக் கடந்த பின், வெளியே அன்பான பாட்டியோ சித்தியோ இருந்தால் அங்கே விடுவதே மேல் என்பது என் எண்ணம். ஆறு வயதில் சட்டப்படி பிரியும் நாள் வரும்போது குழந்தைக்கு எல்லாம் நினைவில் நிற்கும். மூன்று வயதில் பிரிந்தால் அந்தக் காயம் சற்று எளிதில் ஆறும். பார்த்துக்கொள்ள நல்ல உறவு இல்லையென்றால் இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிடும்.

எந்த விடுப்பைக் கேட்பது?

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் பரோல் என்றே சொன்னாலும், 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்த விதிகளில் அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என இரண்டு உண்டு. பெற்றோர், மனைவி, மக்கள், உடன்பிறந்தோரின் மரணம் அல்லது கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்குச் சில நாட்கள் அவசர விடுப்பு. குறிப்பிட்ட காலம் தண்டனை அனுபவித்த பின், சில வாரங்கள் வரை சாதாரண விடுப்பு. தண்டனையையே நிறுத்தி வைப்பது என்பதால் வெளியே இருக்கும் நாட்கள் தண்டனைக் கணக்கில் சேராது. விசாரணைக் கைதிகளுக்கு இவை கிடையாது, அவர்கள் நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன்தான் கேட்க வேண்டும்.

குடும்பங்கள் தம் முழுச் சக்தியையும் அவசர விடுப்புக்கே செலவிடுகின்றன, அது இயல்பும்கூட. அப்பா இறந்தபோது அண்ணன் வழிக்காவலுடன் வந்தார். கொள்ளி வைத்தார், பந்தலில் இரண்டு காவலர்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஊரே அவரைப் பார்த்தது, அண்ணியோடு அவர் தனியாகப் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. அதற்கு அடுத்த ஆண்டு சாதாரண விடுப்பில் வந்தபோதுதான் மகனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், ரேஷன் கடைக்குப் போனார், அண்ணியோடு ஒருமுறை சண்டையும் போட்டார். உறவு ஒட்டுவது இப்படிப்பட்ட விசேஷமில்லாத நாட்களில்தான் என்பதால், இரண்டில் எதற்கு அதிகம் அலைய வேண்டும் என்று கேட்டால் சாதாரண விடுப்புக்கு என்பேன். குடும்பத்தோடும் சமூகத்தோடும் தொடர்பைப் பேணுவது சிறைவாசியின் திருந்துதலுக்குத் தேவை என்றும், விடுப்பு அதற்கான கருவி என்றும் அஸ்ஃபாக் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொல்லியிருக்கிறது.

விண்ணப்பம் நிராகரிக்கப்படப் பெரும்பாலும் காரணமாவது உள்ளூர்க் காவல் நிலைய அறிக்கைதான். எதிர்த் தரப்பு அதே ஊரில் இருந்தால் சட்டம் ஒழுங்கு பாதிக்கும் என்று எழுதிவிடுவார்கள். சொந்த ஊரிலேயே தங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், வேறு ஊரில் உள்ள உறவினர் முகவரியைக் கொடுப்பது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்றிருந்த நளினி, மகளின் திருமண ஏற்பாட்டுக்காக 2019இல் விடுப்பில் வந்தபோது வேலூர் சத்துவாச்சாரியில்தான் தங்கினார். நன்னடத்தை அலுவலர் விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஆள் இல்லாமல் போவதும் நிராகரிப்பில் முடியும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் எழுத இலவசமாக உதவுவார்கள்.

விடுதலைக்குப் பின்: சொந்த ஊரா, வேறு ஊரா?

அண்ணன் திரும்பியபோது எங்கள் வீட்டில் நடந்த பெரிய விவாதம் இதுதான். ஊரிலேயே இருந்தால் மனைவி மக்களோடு இருக்கலாம், நிலம் இருக்கிறது, அம்மாவுக்கு ஆறுதல். ஆனால் இறந்துபோனவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நாள்தோறும் அவர் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பழிக்குப் பழி என்ற அச்சமும் உண்டு. அச்சம் இல்லாவிட்டாலும், அந்தப் பெண்ணின் மனநிலையை ஒதுக்கிவிட்டு எங்கள் வசதியை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. திருப்பூர் போன்ற ஊருக்குப் போனால் பழைய கதை கேட்காமல் வேலை தருவார்கள், கூலியும் உண்டு; ஆனால் ஏழரை ஆண்டு பிரிந்திருந்தவர் மறுபடியும் பிரிந்து போவார், தனிமையில் குடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

பழிவாங்கும் பகை உள்ள வழக்கென்றால் இடம் மாறுவதில் இரண்டாவது யோசனை வேண்டாம், குடும்பத்தோடு மாற வேண்டும். பகை தணிந்த வழக்கென்றால், முதல் சில மாதங்களாவது வீட்டிலேயே இருக்கச் செய்வது நல்லது என்பதை எங்கள் அனுபவத்தில் சொல்கிறேன். உள்ளேயிருந்து வந்தவர் முழுதாக வந்துசேர நாளாகிறது. சிறையில் அறைகளைப் பூட்டும் லாக்கப் நேரத்துக்கு முன்பே, மாலை ஐந்து மணி வாக்கில் சாப்பாடு கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் இரவு ஒன்பதுக்குத்தான் உலை இறங்கும். அண்ணன் ஐந்து மணிக்கு அடுப்படி வாசலில் வந்து நிற்பார், எதுவும் கேட்க மாட்டார், சற்று நேரம் நின்றுவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். அது பசி என்பதை அண்ணி கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. வெளியே போகும்போதும், யாராவது போகச் சொல்லும்வரை கதவருகிலேயே காத்திருப்பார். தனியாக ஒரு லாட்ஜ் அறையில் இருந்திருந்தால் இவற்றை யார் கவனித்திருப்பார்கள்?

இடத்தைவிடக் கடினமான முடிவு, வீட்டில் யார் கையில் என்ன இருப்பது என்பது. ஏழரை ஆண்டுகளில் அண்ணி மகளிர் குழுக் கடன் வாங்கி, தையல் இயந்திரம் போட்டு, பையனைப் படிக்கவைத்து, வீட்டுக் கணக்கு முழுவதையும் தன் கையில் வைத்திருந்தார். வந்தவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடு என்று பெரியவர்கள் சொன்னார்கள்; அவருக்கு எதுவும் தெரியாது, ஓரமாக உட்காரட்டும் என்று வேறு சிலர் சொன்னார்கள். முதல் வழியில் போன வீடுகளில் ஆறு மாதத்துக்குள் கடன் கழுத்தை நெரித்ததையும், இரண்டாம் வழியில் போன வீடுகளில் மனிதர் வீட்டை விட்டே போனதையும் பார்த்திருக்கிறேன். இதை மாமியாரோ மைத்துனரோ முடிவு செய்யக் கூடாது. மனைவியைத் தனியே அழைத்து, எதை விட்டுக்கொடுக்க முடியும், எதை முடியாது என்று முதலில் கேட்க வேண்டும், திரும்பி வந்தவரையே தனக்கு வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அண்ணி பணக் கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மகனின் பள்ளி, டியூஷன், ஆசிரியரைப் பார்ப்பது ஆகியவற்றை அண்ணனிடம் விட்டார். நன்னடத்தை அலுவலர் மூலம், விடுதலையானவர்களுக்கு உதவும் சங்கத்தில் சிறுதொழில் உதவி கேட்டு எழுதினோம். அது வரும்வரை அண்ணன் பக்கத்து ஊர் மரக்கடையில் வேலைக்குப் போனார். இறந்தவருடைய மனைவி குடியிருக்கும் தெரு வழியாகப் போகாமல், குளத்தைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் போய் வருவார். மாலையில் அவர் வரும் நேரத்துக்கு அண்ணி ஒரு தட்டில் சோறு போட்டு மூடிவைத்திருப்பார்.